15 ஆண்டு ஓடிய ஹோம் தியேட்டர் கணினி: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

கன்னங்குறிச்சி வாசி

வணக்கம். மூன்று வாரமாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறேன். கை பழகியவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

2011இல் அப்பாவுக்காக ஒரு கணினி கட்டிக் கொடுத்தேன். இன்டெல் கோர் ஐ3-2100 ப்ராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 2 டிபி ஹார்டு டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே 40 அங்குல டிவியில் இணைத்திருக்கிறோம். டிவி முழு எச்.டி.தான், 4கே அல்ல. விண்டோஸ் 7இல் தொடங்கி இப்போது விண்டோஸ் 10இல் நிற்கிறது. படம் பார்க்க கோடி (Kodi) என்ற மென்பொருள்.

அப்பாவுக்கு 74 வயது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஏற்காடு சாலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த வளைவு வாசலில் காத்துக் கிடந்தவர். இன்று அங்கே வளைவு மட்டும் நிற்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கடை கடையாகத் தேடி வாங்கிய டிவிடிகளை ஒவ்வொன்றாக இந்தக் கணினியில் ஏற்றியவரும் அவரேதான். ஏறக்குறைய 380 படங்கள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பெயர்களைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்.

இப்போது சிக்கல்கள். தங்கை திருமண வீடியோவைப் போட்டால் படம் நின்று நின்று நகர்கிறது, ஒலி மட்டும் முன்னே ஓடுகிறது. யூடியூப் திக்குகிறது. ஆன் செய்தால் படப் பட்டியல் வர மூன்று நிமிடம் ஆகிறது. மின்விசிறிச் சத்தம் ஹாலில் கேட்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கடையில் கேட்டதற்கு, "இதில் கை வைப்பது வீண், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்று சொல்லி 48,000 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன் கொடுத்தார்கள். பணம் புரட்ட முடியும். ஆனால் தேவைதானா என்று மனம் ஒப்பவில்லை.

புதுயுகம்

நண்பரே, தயங்காமல் மாற்றுங்கள். நான் சூரமங்கலத்தில் இருக்கிறேன், சென்ற ஆண்டு இதே நிலையில் இருந்தேன்.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் ப்ராசசர் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. எச்.264, டிவிடியின் எம்பெக்-2 ஆகிய வீடியோச் சுருக்க வடிவங்களை அதன் கிராபிக்ஸ் பகுதியே சிரமமில்லாமல் பிரித்துக் காட்டும். அதற்குப் பின் வந்த எச்.இ.வி.சி., வி.பி.9, ஏ.வி.1 எதுவும் அதற்குத் தெரியாது. எல்லாச் சுமையும் இரண்டே கோர்களின் தலையில் விழுகிறது. திருமண வீடியோ 4கே எச்.இ.வி.சி.யாகத்தான் இருக்க வேண்டும். யூடியூபும் வி.பி.9, ஏ.வி.1 வடிவங்களைத்தான் முதலில் அனுப்புகிறது. இரண்டும் திக்குவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் 48,000 அதிகம். இன்டெல் என்100 உள்ள உள்ளங்கை அளவு மினி கணினி போதும். 2023இல் வந்த சிப், 6 வாட் வகை, நான்கு கோர். மேலே சொன்ன மூன்று வடிவங்களையும் வன்பொருளிலேயே பிரிக்கும். விண்டோஸ் 11க்கும் தகுதி உண்டு. உங்கள் ஐ3க்கு அது இல்லை. எனக்கு 17,000 ரூபாயில் முடிந்தது. டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டேன், இருப்பதே தெரியாது.

மின்சாரத்தையும் பாருங்கள். பழைய கணினியை நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் போய்விடும்.

ஐந்து ரோடு மெக்கானிக்

கன்னங்குறிச்சித் தம்பிக்கு வணக்கம். 20 ஆண்டுக்கு மேல் இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சூரமங்கலம் தம்பி கோடெக் (வீடியோச் சுருக்க வடிவம்) பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் மருந்துக்கு முன்னால் நாடி பார்க்க வேண்டும்.

திருமண வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து ப்ராசசர் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அப்பாவின் பழைய படம் ஒன்றைப் போட்டு அதே எண்ணைப் பாருங்கள். அதைவிட முக்கியம், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஹார்டு டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிசைகள் இருக்கும். கடைசிக் கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். பட்டியல் வர மூன்று நிமிடம் என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ப்ராசசர் பழையதானால் வேகம் குறையாது, தம்பி. 2011இல் எவ்வளவு வேகமோ இன்றும் அவ்வளவுதான். முன்பு ஒரு நிமிடத்தில் வந்தது இப்போது மூன்று நிமிடம் என்றால் வேறெதுவோ தேய்கிறது.

பெட்டியையும் திறந்து பாருங்கள். மதர்போர்டில் ப்ராசசரைச் சுற்றி உருளை உருளையாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை சமமாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்புக் கசிவு தெரிந்தாலோ நானும் "மாற்று" என்றுதான் சொல்வேன்.

கன்னங்குறிச்சி வாசி

ஐயா, பார்த்துவிட்டேன். திருமண வீடியோவுக்கு ப்ராசசர் 100 சதவீதம். அப்பாவின் படத்துக்கு 9 சதவீதம்.

கெபாசிட்டர்கள் சமமாக இருக்கின்றன. ஆனால் ப்ராசசர் மேல் உள்ள மின்விசிறிக்கும் அதன் அடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல ஒரு படலம். விரலால் எடுத்தபோது வட்ட வடிவம் மாறாமல் முழுசாக வந்தது.

ஹார்டு டிஸ்க்: மஞ்சள் நிறத்தில் "எச்சரிக்கை" என்று காட்டுகிறது. 05 வரிசையில் 10, சி5 வரிசையில் 18. வெப்பம் 51 டிகிரி. ஓடிய நேரம் 61,000 மணி நேரத்துக்கு மேல்.

ஐந்து ரோடு மெக்கானிக்

தம்பி, இதைப் படித்தவுடன் கணினியை அணைத்துவிடுங்கள். அப்பா கேட்டாலும் இன்று படம் வேண்டாம்.

அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறை) காட்டுகிறது. நீங்கள் 10 என்று படித்தது 16. 18 என்று படித்தது 24. அதாவது 16 இடங்கள் ஏற்கெனவே கெட்டு, டிஸ்க் அவற்றுக்கு மாற்று இடம் ஒதுக்கிவிட்டது. இன்னும் 24 இடங்களை அதனால் படிக்க முடியவில்லை, என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை அந்த இடத்துக்கு வரும்போதும் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. உங்கள் மூன்று நிமிடம் அங்கேதான் போகிறது.

கேள்வி இப்போது மாறிவிட்டது. கணினியை மாற்றுவதா என்பதைப் பத்து நாள் கழித்துப் பேசலாம். அந்த 380 படங்களுக்கு வேறு பிரதி இருக்கிறதா?

கன்னங்குறிச்சி வாசி

டிவிடிகள் பரணில் இருக்கின்றன. ஆனால் வேறொன்று இருக்கிறது ஐயா, நேற்றுவரை அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. 1996இல் அத்தை திருமணத்தை வீடியோ கேசட்டில் எடுத்தார்கள். அதை 2012இல் இந்தக் கணினிக்கு மாற்றினோம். கேசட்டில் பூஞ்சை பிடித்துத் தூக்கிப் போட்டுவிட்டோம். அதில் எங்கள் அப்பத்தா வருகிறார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பவர் வீடியோ விளக்கு முகத்தில் பட்டதும் முந்தானையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார். ஏழெட்டு நொடிதான். அப்பத்தா அசைந்து, சிரித்து, உயிரோடு இருக்கும் காட்சி எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான். வேறு பிரதி இல்லை.

வெள்ளிக்கொலுசு

தம்பி, இதைப் படித்ததும் எனக்குப் பதைத்துவிட்டது. தயவுசெய்து அந்த டிஸ்க்கில் விண்டோஸின் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டிவிடாதீர்கள். கணினி தானாகவே "பிழைகளைச் சரிசெய்யட்டுமா" என்று கேட்கும், "சரி" என்று அழுத்திவிடத் தோன்றும். அது சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறையின் கொலுசு டிசைன் கோப்புகளை நான் இழந்தது அப்படித்தான். எட்டு ஆண்டு உழைப்பு அது.

ஐந்து ரோடு மெக்கானிக்

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. செய்ய வேண்டியது இது.

புதிதாக ஒரு 4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். வெளியே மாட்டும் யு.எஸ்.பி. டிஸ்க் வேண்டாம். எச்61 சிப்செட்டில் யு.எஸ்.பி. 3.0 கிடையாது. யு.எஸ்.பி. 2.0இல் நொடிக்கு 35 எம்பி போனாலே அதிகம், 2 டிபிக்கு 16 மணி நேரம் ஆகும். சாகப்போகும் டிஸ்க்கை அவ்வளவு நேரம் ஓட்டக்கூடாது. பெட்டிக்குள்ளே டிஸ்க்கை மாட்டும் சாட்டா கேபிளில் நேராக மாட்டினால் ஐந்தாறு மணி நேரத்தில் முடியும். பழைய போர்டு 2 டிபிக்கு மேல் ஏற்காது என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். அந்தத் தொல்லை விண்டோஸை அதிலிருந்து பூட் செய்யும்போதுதான் வரும். தகவல் வைக்க, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்தால் போதும்.

பென்டிரைவில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) போட்டு அதிலிருந்து கணினியைத் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டுங்கள். சாதாரண காப்பி கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். இது அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிவிடும், பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களைச் சுரண்டும். எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் குறிப்புக் கோப்பைப் பென்டிரைவில், கணினியை அணைத்தாலும் அழியாத நிலையான பகுதியில் வையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எது பழைய டிஸ்க், எது புதியது என்பதை அதன் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்த பிறகே என்டர் தட்டுங்கள். இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் அப்பத்தாவின் மேல் எழுதப்பட்டுவிடும். ஓடும்போது பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை டிஸ்க்கின் மேல் திருப்பி வையுங்கள்.

தறிச்சத்தம்

அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். யு.பி.எஸ். இல்லாமல் அந்த வேலையைத் தொடங்காதீர்கள் அண்ணா. எங்கள் தெருவில் காலையில் தறிகள் ஒன்றாக ஓடத் தொடங்கும் நேரத்தில் டியூப் லைட் ஒரு முறை மங்கி எழும். அந்த ஒரு மங்கலுக்கு என் கணினி மறுதொடக்கம் ஆகிவிடும். பக்கத்துப் பகுதியில் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்றும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்வராயன் மேகம்

ஏற்காட்டிலிருந்து ஒரு வார்த்தை. இடி மின்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். மார்ச், ஏப்ரலில் காப்பிச் செடி பூப்பதற்காகக் காத்திருக்கும் பூ மழை இடியோடுதான் வரும். இரண்டு ஆண்டுக்கு முன் அப்படி ஒரு மாலையில், பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். கணினியின் எச்.டி.எம்.ஐ. துளை கருகிவிட்டது. மின்னல் சுவர் மின்சாரத்தில் வரவில்லை. கூரையில் இருந்த டிஷ் கேபிள் வழியே செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியே கணினிக்கு. அதன் பிறகு வானம் இருண்டால் டிஷ் கேபிளையும் இணையக் கேபிளையும் சேர்த்துக் கழற்றுகிறேன். கன்னங்குறிச்சி எங்கள் மலையடிவாரம்தானே, நாங்கள் அனுப்பும் இடி உங்களுக்கும் கேட்கும்.

புதுயுகம்

டிஸ்க்கைக் காப்பாற்றுவதில் மாற்றுக் கருத்தே இல்லை. அதை முதலில் கேட்காமல் விட்டது என் பிழை. ஆனாலும் 15 ஆண்டு ஓடிய மதர்போர்டை நம்பிப் புதிய டிஸ்க்கை அதில் மாட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஒரு நாள் போகும்போது டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும். பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸை இணையத்தில் வைத்திருப்பதும் தவறு. வயதான அப்பா தெரியாமல் ஏதாவது அழுத்திவிட்டால் என்ன ஆகும்?

ஐந்து ரோடு மெக்கானிக்

எஸ்.எம்.பி.எஸ். பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும், மலிவானது கூடாது. ஆனால் அது 48,000 ரூபாய்ச் செலவு அல்ல, 17,000மும் அல்ல.

சிலர் இந்த இடத்தில் ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்வார்கள். 2017இல் வந்தது, 30 வாட்தான், தனி மின் இணைப்பு வேண்டாம், 10 பிட் எச்.இ.வி.சி. வரை பிரிக்கும். ஆனால் ஏ.வி.1 தெரியாது. பழைய வண்டிக்கு அந்தச் செலவு செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். செய்தால் முழுதாக மாற்றுங்கள், இல்லையென்றால் இருப்பதை ஒழுங்காக வையுங்கள்.

இருப்பதில் உண்மையான குறை ஒன்று உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சினிமாப் படங்கள் பல புளூ-ரேயில் நொடிக்கு 23.976 படச்சட்டம் (ஃபிரேம்). சாண்டி பிரிட்ஜ் கிராபிக்ஸ் அந்த எண்ணைச் சரியாக வெளியே அனுப்பாது, 24.000 என்றே அனுப்பும். அதனால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை படம் இமைக்கும் நேரம் தடுக்கும். 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில்தான் இன்டெல் அதைத் தீர்த்தது.

வெள்ளிக்கொலுசு

கன்னங்குறிச்சித் தம்பி, ஒரு சந்தேகம். பழைய பாட்டுகளைக் கேட்கும்போது அப்பா ஏதாவது குறை சொல்வாரா? சுருதி பற்றி?

கன்னங்குறிச்சி வாசி

அக்கா, எப்படித் தெரியும்? அப்பா இளமையில் பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். சில டிவிடிகளைப் போட்டால் "பாட்டு தூக்கலாகப் போகிறது, அவர் குரல் இப்படி இருக்காது" என்பார். சில படங்களில் மட்டும்தான். நாங்கள் வயதான காது என்று விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கொலுசு

அவர் காது மிகச் சரியாக இருக்கிறது தம்பி. அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

படம் எடுத்தது நொடிக்கு 24 படச்சட்டத்தில். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியில் நொடிக்கு 25. அந்த ஒரு சட்டத்தை ஈடுகட்டப் பெரும்பாலும் படத்தையே வேகமாக ஓட்டிப் பதிவு செய்துவிடுவார்கள். 4 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகம் கூடினால் சுருதியும் ஏறும், அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. நடிப்பைப் பார்க்கும்போது தெரியாது. பாட்டில் தெரியும், அதுவும் ஆர்மோனியத்தில் விரல் வைத்தவருக்கு உடனே தெரியும். அமெரிக்க டிவி முறையான என்.டி.எஸ்.சி. முறையில் வந்த டிவிடிகளில் இந்த வேகமாற்றம் இராது. அதனால்தான் "சில படங்களில் மட்டும்" என்கிறார். கோப்பின் விவரத்தில் 720க்கு 576, நொடிக்கு 25 என்றிருந்தால் அது பால்.

எம்பிவி என்ற பிளேயரில் வேகத்தை 0.96 என்று வைத்து, சுருதித் திருத்தத்தை அணைத்துவிட்டால் பழைய சுருதிக்கு இறங்கிவிடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்கள் உங்கள் டிவியில் திரை முழுவதும் நிறைகின்றனவா, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறதா? அந்தக் காலத் திரை ஏறக்குறைய 4:3. அதை 16:9க்கு இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். நிலவு முட்டையாகத் தெரியும். டிவி ரிமோட்டில் "முழுத்திரை" என்று யாராவது அழுத்தி வைத்திருப்பார்கள்.

ஐந்து ரோடு மெக்கானிக்

அம்மா, உங்கள் கணக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 25ஐ 0.96ஆல் பெருக்கினால் சரியாக 24.000. அந்தப் பழைய சிப் துல்லியமாக அனுப்பும் எண் அதுதான்! எந்தக் குறையைச் சொல்லி 15 ஆண்டாக இந்தச் சிப்பை எல்லோரும் ஏசினோமோ, அதுவே அப்பாவின் பால் டிவிடிகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது. டிவியை 24 ஹெர்ட்ஸில் வைத்தால் ஒரு சட்டம்கூடத் தடுக்காது.

கன்னங்குறிச்சி வாசி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிடிரெஸ்க்யூ முதல் சுற்று ஏழு மணி நேரம் ஓடியது. இரவு முழுக்க டேபிள் ஃபேனுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். 61 சதவீதத்தில் டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வரத் தொடங்கியது. திரையில் எண் நகராமல் நின்றது. பிறகு தாண்டிப் போனது. அந்தப் பத்து நிமிடம் எனக்கு மறக்காது. மறுநாள் மூன்று முறை மீண்டும் சுரண்ட விட்டேன். கடைசியில் மீட்க முடியாமல் நின்றது 1.3 எம்பி மட்டுமே. அது இரண்டு படங்களுக்குள் விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் டிவிடி பரணில் இருக்கிறது, அப்பா மீண்டும் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அத்தை திருமண வீடியோ முழுதாக வந்துவிட்டது. அப்பத்தா சிரிக்கிறார். அக்கோப்பை மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டது.

பிறகு செய்தவை: எஸ்.எம்.பி.எஸ். புதிது. ப்ராசசருக்குத் தெர்மல் பேஸ்ட். 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி லினக்ஸ் மின்ட் போட்டு, மேலே கோடியும் எம்பிவியும். எச்61இல் சாட்டா வேகம் பாதிதான் கிடைக்கும் என்றாலும், மூன்று நிமிடம் 28 நொடியாகிவிட்டது. மொத்தச் செலவில் பெரும்பகுதி 4 டிபி டிஸ்க்குக்குத்தான் போனது. தமிழ்க் கோப்புப் பெயர்கள் எல்லாம் ஓர் எழுத்து சிதறாமல் தெரிகின்றன.

தங்கை திருமண வீடியோவை அலுவலக மடிக்கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் கொண்டு 1080 எச்.264ஆக மாற்றினேன். டிவியே 1080தான் என்பதால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ப்ராசசர் 12 சதவீதத்தில் ஓடுகிறது. மூல 4கே கோப்பைத் தனியாக வைத்திருக்கிறேன். யூடியூபுக்குப் பிரவுசரில் எச்.264ஐ மட்டும் கேட்கும் நீட்சி ஒன்றைப் போட்டேன், திக்கல் நின்றுவிட்டது.

புதுயுகம்

மகிழ்ச்சி நண்பரே. லினக்ஸ் போட்டதால் என் பாதுகாப்புக் கவலை தீர்ந்தது. ஆனால் ஓடிடி? லினக்ஸ் பிரவுசரில் பல தளங்கள் குறைந்த தெளிவில்தானே படம் தருகின்றன? மின்சாரக் கணக்கும் பாக்கி.

கன்னங்குறிச்சி வாசி

ஓடிடி பார்ப்பது நானும் தங்கையும்தான். டிவியின் இன்னொரு எச்.டி.எம்.ஐ. துளையில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டிவிட்டோம். மின்சாரத்தை அளந்து பார்த்தேன், படம் ஓடும்போது 42 வாட். அணைக்காமல் விட்டால் நீங்கள் சொன்னபடி நாளுக்கு ஒரு யூனிட்தான். அப்பா பல நாள் அணைக்காமலே விட்டுவிடுகிறார் என்பது அளந்தபோதுதான் தெரிந்தது. அரை மணி நேரம் யாரும் தொடவில்லை என்றால் தானே உறங்கும்படி வைத்துவிட்டேன். ஐந்து மணி நேரப் பயன்பாட்டுக்கு மாதம் ஆறேகால் யூனிட் ஆகிறது. உங்கள் மினி கணினியோடு ஒப்பிட்டால் இரண்டு மாத பில்லில் பத்து யூனிட் வித்தியாசம்கூட வராது.

ரிமோட்டை மாற்றவில்லை. அதுவும் 2011இல் வாங்கியது. அதில் அப்பா பயன்படுத்துவது ஐந்து பொத்தான்கள். "ஓகே" என்ற எழுத்து தேய்ந்து அந்த இடம் வழவழப்பாகிவிட்டது. விளக்கை அணைத்த பிறகும் அவர் விரல் தடவாமல் அங்கே போகிறது. புதிய பெட்டி, புதிய ரிமோட், புதிய பட்டியல் என்று 74 வயதில் அவரை மீண்டும் பழகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஐந்து பொத்தான்களும் முன்பு செய்த அதே வேலையைச் செய்யும்படி அமைத்துக் கொடுத்தேன்.

என்றைக்கு டிவி போய் 4கே டிவி வாங்குகிறோமோ, அன்றைக்கு என்100 வாங்கிக்கொள்கிறேன். அதுவரை இது போதும்.

தறிச்சத்தம்

சுருதி என்ன ஆயிற்று அண்ணா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

கன்னங்குறிச்சி வாசி

நேற்று இரவுதான் செய்து பார்த்தேன். 380 படங்களில் 25 படச்சட்டம் உள்ளவற்றைத் தனிக் கோப்புறையில் பிரித்து, அந்தக் கோப்புறையை மட்டும் 0.96 வேகத்தில், டிவியை 24 ஹெர்ட்ஸில் வைத்து ஓட்டும்படி அமைத்தேன். பக்கத்தில் கறுப்புப் பட்டையும் விழுகிறது. அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதும் குறை சொல்லும் படத்தின் முதல் பாட்டைப் போட்டேன்.

பல்லவி முடியும்வரை அசையாமல் இருந்தார். அனுபல்லவியில் வலது கை விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் கட்டை பிடிக்கத் தொடங்கின. பாட்டு முடிந்ததும், "யார் சரிசெய்தது?" என்று கேட்டார். செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அக்கா என்றேன். உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

வெள்ளிக்கொலுசு

அப்பாவுக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள் தம்பி. அத்தை திருமண வீடியோவைச் சிறிதாக்கி மூலத்தை அழித்துவிடாதீர்கள். கேசட்டிலிருந்து வந்த காட்சி ஒற்றை வரி, இரட்டை வரி என்று பின்னிப் பிணைந்து பதிவாகியிருக்கும். அதைப் பிரித்து நொடிக்கு 50 சட்டமாக ஓட்டினால் முந்தானை தூக்கும் அந்த அசைவு இன்னும் இயல்பாகத் தெரியும். அமைப்பை நாளை எழுதி அனுப்புகிறேன்.

ஐந்து ரோடு மெக்கானிக்

தம்பி, பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம், மீண்டும் மாட்டவும் வேண்டாம். உலர்ந்த துணியில் சுற்றி, மேலே தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை புதிய டிஸ்க்கின் சி5 வரிசையையும் பாருங்கள். லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற செயலியிலேயே தெரியும். பூஜ்யமாக இருக்க வேண்டும்.